தேதி போடாத சீட்டு

மட்டாஞ்சேரி,
4-11-1968

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு அக்கா அனந்தலக்ஷ்மி எழுதிக்கொண்டது. எப்போதும் முதல் வரியில் எழுதும் ஆசீர்வாதத்தை இன்றைக்குக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இங்கு க்ஷேமம் என்றும் எழுதவில்லை.

உன் அத்திம்பேர் தீபாவளி கழிந்து படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலில் ஜலதோஷம், பிறகு உடம்பு கொதித்தது, இப்போது நிமோனியா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. பாலக்காட்டிலிருந்து எங்கள் பெண் அம்மிணி வந்திருக்கிறாள். இன்னும் நாலு நாள் போகட்டும் என்கிறார் டாக்டர். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இது ஹாங்காங் காய்ச்சலாம். துறைமுகத்தில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அத்திம்பேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டரிடமே, "எனக்கு அது வராதாக்கும், என் மச்சினன் சீட்டு இருக்கு" என்றார்.

எந்தச் சீட்டு என்று உனக்குத் தெரியும். ஐம்பத்தேழில் ஃப்ளூ காய்ச்சல் வந்தபோது பம்பாயிலிருந்து பிளாஸ்கில் மருந்து கொண்டுவந்தாய். வழியில் ஆறு ஸ்டேஷனில் ஐஸ் மாற்றியதாகச் சொன்னாய். எங்கள் மூன்று பேருக்கும் உன் கையாலேயே குத்திவிட்டு, "ஒரு தடவை போறும் அக்கா, ஆயுசுக்கும் பயமில்லை" என்றாய். உன் மருந்துக் கம்பெனிக் காகிதத்தில், ஊசி போட்டாயிற்று என்று அவர் பேருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாய். அன்றைக்கு உனக்குப் பால் பாயசம் வைத்தேன். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அத்திம்பேர் வேலையும் உனக்குத் தெரியும். வெலிங்டன் தீவில் கப்பல்காரர்களின் ஊசிச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் கரையிறங்க விடுவார். அம்மை ஊசிக்கு மூன்று வருஷம், காலராவுக்கு ஆறு மாதம். தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் வெள்ளைக்காரக் கேப்டனையே திருப்பி அனுப்பிவிடுவார். உன் சீட்டில் எதுவரை என்று தேதியே இல்லை. தேதி இல்லை என்றால் முடிவு இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜாதகங்களோடு பெட்டியில் வைத்தார். ஒரு தடவை, எதற்கும் உனக்கு எழுதிக் கேட்கலாமா என்றார். பிச்சுமணியைச் சந்தேகப்படுகிறீர்களா என்று சண்டை பிடித்தவள் நான்தான்.

போன மாதம் ஆபீசுக்குப் புது ஊசி கொஞ்சமாக வந்தது. இருபது பேருக்குப் பத்து ஊசி. அத்திம்பேர் உன் சீட்டை எடுத்துக் காட்டித் தன் பங்கைப் படகோட்டி வீரபாண்டிக்குக் கொடுத்துவிட்டார். வீரபாண்டி தினமும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வராந்தாவில் நிற்கிறான். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நன்றாக இருக்கட்டும்.

நேற்று கங்காவின் கடிதம் வந்தது. அவள் மனதில் கள்ளம் இல்லை. வேறெங்கும் காய்ச்சலாம், எங்களுக்குப் பயமில்லை அக்கா என்று எழுதியிருக்கிறாள். இந்தக் கிருமி வருஷத்துக்கு வருஷம் வேஷம் மாற்றுமாம், பழைய ஊசிக்குப் புதிதை அடையாளம் தெரியாதாம், அதனால் வருஷா வருஷம் புரட்டாசியில் நீ அவளுக்கும் குழந்தைகளுக்கும் குத்திவிடுவாயாம். "உங்களுக்கெல்லாம் அங்கேயே போட ஏற்பாடு செய்திருப்பதாக இவர் சொன்னார்" என்றும் எழுதியிருக்கிறாள்.

எப்போது ஏற்பாடு செய்தாய், பிச்சுமணி?

ஐம்பத்தேழில் நீ தெரியாமல் சொல்லியிருக்கலாம். அதற்கு உன்னைக் கோபிக்க மாட்டேன். தெரிந்த பிறகு ஒரு கார்டு போட்டிருக்கலாமே. நாலு வருஷம் முன்னால் அம்மிணி கல்யாணத்துக்கு வந்தாயே. பந்தியில் அத்திம்பேர் சம்பந்திகளிடம் அந்தச் சீட்டைக் காட்டி, மச்சினன் கைப்பட எழுதியது என்று பெருமை பேசினார். நீ அடுத்த இலையில் இருந்தாய். தலை குனிந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாய். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். "நான் சொன்னது தப்பு" என்று உன்னைப் படிக்கவைத்தவரிடம் சொல்ல உனக்கு அவ்வளவு கௌரவக் குறைச்சலா? உன் கௌரவத்துக்காக அவர் மூச்சு வாங்குகிறார்.

கங்காவின் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். கங்காவுக்கும் எழுதவில்லை. சீட்டு தலையணைக்குக் கீழே இருக்கிறது. இருமல் நிற்கும்போது, பிச்சுமணிக்கு லீவு கிடைத்ததா என்று கேட்கிறார். கிடைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தீர்க்காயுசாக இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. இந்த வருஷம் நீயும் கங்காவும் குழந்தைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். என்னால் அவ்வளவுதான் முடிகிறது. மிச்ச ஆசீர்வாதத்தை அத்திம்பேரிடம் வாங்கிக்கொள். அவர் குறைக்காமல் கொடுப்பார். உடனே புறப்பட்டு வா.

அக்கா,
அனந்தலக்ஷ்மி