அலாரத்தைக் கழற்றிய நாள்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பைக்கில் மாட்டியிருந்த திருட்டுத் தடுப்பு அலாரத்தை இன்று மெக்கானிக் கழற்றிவிட்டார். காலையில் என் மனைவி மல்லிகாவைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடப் போகும்போது, வடக்குப்பட்டு அருகே அது தானாக அலறி எஞ்சினை நிறுத்திவிட்டது. என்ன செய்தும் அடங்கவில்லை. எங்கள் கண்ணெதிரிலேயே பஸ் கடந்து போனது. ஷேர் ஆட்டோவில் தாமதமாகப் போனவளை சூப்பர்வைசர், “மறுபடியும் லேட்டாம்மா? நாளைலேர்ந்து வராத” என்று திருப்பி அனுப்பிவிட்டார். காண்ட்ராக்ட் வேலை. யாரிடம் போய்க் கேட்பது?

“எவன் சார் இத்த மாட்னது? ஒயரெல்லாம் அறுத்து வெச்சிகீறான்” என்றார் மெக்கானிக். கழற்றியதும் வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து, “இனிமே வழியில நிக்காது மல்லிகா” என்றேன்.

“இப்போ என்னை எங்க கொண்டுபோயி வுடப்போற?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இன்னும் தூங்கவில்லை அவள்.