மேட்டுப் பள்ளியும் ஆற்றுப் பள்ளியும் ஒன்றான வருஷம்

உனக்கு,

இன்று காலை மகளோடு காரில் பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பிஸ்கட்டவே ஊர் முழுக்க மழை. என் கம்பளிக் கோட்டு நனைந்து பின் சீட்டில் கிடந்தது. அவள் ஹீட்டரைத் திருப்பியதும் ஈரக் கம்பளியும் சூடான தூசியும் கலந்த அந்த வாசனை எழுந்தது. "கண்ணாடிய இறக்கு" என்றேன். "அம்மா, வெளிய மழை கொட்டுது!" என்றாள். நானே இறக்கினேன். மழை முகத்தில் அடித்தது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். நீ போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. போனை எடுத்தால் நீ இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எண்பதுகளின் நடுவில் நாம் படித்த ஊர் இரண்டாகக் கிடந்ததை நான் யாருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை. ரயில் பாதைக்கு மேலே மேடு. ஐரிஷ், இத்தாலிய, போலிஷ் குடும்பங்கள். கீழே ஆற்றங்கரை ஆலைகளை ஒட்டி சிரியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் பாலஸ்தீனத்திலிருந்தும் வந்த முஸ்லிம் குடும்பங்கள். அவர்களுக்கு நடுவே காயல்பட்டினத்திலிருந்து வந்த உன் வீடு ஒன்று. உன் வாப்பா சாய ஆலையில் கணக்குப் பார்த்தார். பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே வீடு பிடித்தார். நாங்கள் நாகர்கோவில் கிறிஸ்தவர்கள். மருந்து கம்பெனி வேலை அப்பாவை மேட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அந்தத் தெருவில் வெள்ளைக்காரர் அல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான்.

பிள்ளைகள் குறைந்துபோனதால் இரண்டு ஹைஸ்கூலையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். முதல் நாள் கீழ்ப்பக்கத்து பஸ்கள் போலீஸ் கார் முன்னே போக வந்தன. பள்ளி வாசலில் மேட்டுத் தாய்மார்கள் எதிர்ப்பு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு பியானோ சொல்லிக்கொடுத்தவரும் அவர்களில் ஒருவர். என்னைப் பார்த்து அவர் சிரித்தார். அட்டையைக் கீழே இறக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் பக்கம் மேட்டுப் பிள்ளைகள், சுவர்ப் பக்கம் கீழ்ப்பக்கத்துப் பிள்ளைகள். யாரும் சொல்லாமலே அப்படிப் பிரிந்துவிட்டது. நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். ஜன்னல் பக்கம் போனால் ஒரு பெண் தன் பையை எடுத்துக் காலி நாற்காலியில் வைத்தாள். சுவர்ப் பக்கம் போனால் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதுதான் பின்னால் இருந்து உன் குரல் வந்தது.

"தமிழா நீ?"

திரும்பினேன். தலையில் முக்காடு, காலில் பெரிய ஸ்னீக்கர்ஸ்.

"எப்படித் தெரியும்?"

"முழிக்கிற முழியிலேயே தெரியுது. வா, நடுவுல ஒரு டேபிள் காலியா கிடக்கு."

குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்து மிச்சமும் நம்மைத் தாண்டித்தான் போகும். பால் பாக்கெட்டுகள் சில சமயம் தொட்டிக்குக் குறி தவறி நம் மேல் விழும். சில சமயம் குறி தவறாமலே நம் மேல் விழும். நீ துடைத்துக்கொண்டு சாப்பிட்டாய். சாப்பிடும்போது உன் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். மேசையே அதிரும். "நிறுத்துடி" என்பேன். "வண்டி ஓட்டத் தெரிஞ்சா நின்னுடும்" என்பாய்.

அந்த ஆசை உனக்கு வெறியாகவே இருந்தது. உன் உம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. கடைக்கு, கிளினிக்குக்கு, எதற்கும் வாப்பா ஆலையிலிருந்து வரும்வரை கோட்டைப் போட்டுக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பார். "உம்மா வாழ்க்கைல பாதி அந்தக் கோட்டோடயே போயிடும்டி" என்று சொன்னாய்.

பதினாறு வயதானவர்களுக்குப் பள்ளியிலேயே கார் ஓட்டும் வகுப்பு இருந்தது. ஒவ்வொரு காரிலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று பிரின்சிபல் உத்தரவு போட்டார். நம் காரில் நீ, நான், டெபி. ஓட்டுபவர் பக்கத்தில் தனி பிரேக்கோடு பயிற்சியாளர் மிஸ்டர் ஹால். எதிலும் அலுத்துப்போன மனிதர். டெபி எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவள். பள்ளிகளைப் பழையபடி பிரிக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவளுடைய அப்பா. எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா கதவைத் திறக்கவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் முஸ்லிம்கள் விமானம் ஒன்றைக் கடத்திவிட்டார்கள் என்று டிவி இடைவிடாமல் காட்டியது. மறுநாள் கீழ்ப்பக்கத்து பஸ்கள் பாதி காலியாக வந்தன. உன் லாக்கரில் யாரோ எதையோ கிறுக்கியிருந்தார்கள். நீ அதைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டாய்.

"வாப்பா உன்னைப் போக வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னாரு. இன்னைக்கு டிரைவிங் கிளாஸ் இருக்கே."

மதியம் மழை. டெபி முதலில் ஓட்டினாள். ஆற்றோரச் சாலையில் ஒதுக்கி நிறுத்தியதும், ஆள் மாற்றுவதற்காக அவளும் நீயும் இறங்கினீர்கள். நீ ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாய். டெபி பின்கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றாள்.

"இவள் ஓட்டினால் நான் ஏற மாட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். "இன்றைக்கு முடியாது. இவர்களோடு முடியாது."

மிஸ்டர் ஹால் கண்ணாடியை இறக்கி, "ஏறு, இல்லையென்றால் நட" என்றார். நிஜமாகவே நடப்பாள் என்று அவர் நினைக்கவில்லை. அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அங்கே நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் ஆறு. மறுபக்கம் ஆலை லாரிகள்.

நீ வண்டியை எடுத்தாய். அவளைத் தாண்டிப் போவாய் என்று நினைத்தேன். நீ எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் நடக்கும் வேகத்திலேயே, அவளை ஒட்டி ஊர்ந்தாய். பின்னால் ஹாரன்கள். மிஸ்டர் ஹால், "போ, ஸ்கூலுக்குப் போகலாம்" என்றார்.

"சார், நான் போய்விட்டால் லாரிக்காரன் கண்ணுக்கு அவள் தெரிய மாட்டாள்" என்றாய். அவருடைய கால் அவர் பக்கத்து பிரேக்கின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

"விட்டுட்டுப் போயிடுடி, அவங்கப்பாவ உனக்குத் தெரியாது" என்றேன் தமிழில்.

நீ சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "ஸ்பீடா போனா அவ ஜெயிச்சிடுவா. நிறுத்தினாலும் அவதான் ஜெயிப்பா. இப்படியே போறேன்."

எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை. டெபி ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. அப்போது ஒரு லாரி நம்மை முந்திக்கொண்டு வந்து வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் உன் முக்காட்டைப் பார்த்தான். அவன் கத்திய வார்த்தையை இங்கே எழுத மாட்டேன். "உன் நாட்டுக்குப் போ" என்றும் கத்திவிட்டு லாரியை நமக்கு முன்னால் ஓரமாக ஒடித்தான். குழித் தண்ணீர் முழுவதும் டெபியின் மேல் அடித்தது. தலை முதல் கால்வரை சேறு. அவள் அந்த லாரியைப் பார்த்து அதே அளவு கெட்ட வார்த்தை ஒன்றைக் கத்தினாள். பிறகு பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள். பற்கள் அடித்துக்கொண்டன.

நீ ஹீட்டரை முழுதாகத் திருப்பினாய். கார் முழுக்க அவளுடைய ஈரக் கோட்டின் வாசனை. பள்ளி கண்ணில் தெரிந்தது.

"நீ பிரேக்கை ரொம்ப அழுத்துகிறாய்" என்றாள் டெபி.

"நீ ரொம்ப மெதுவாக நடக்கிறாய்" என்றாய் நீ.

மிஸ்டர் ஹால்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதோடு நீயும் டெபியும் சிநேகிதிகள் ஆகிவிட்டதாக என் மகளுக்குச் சொல்ல ஆசைதான். ஆகவில்லை. சில வாரம் கழித்து டெபி நம் மேசையின் ஓரத்தில் தட்டை வைத்தாள். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். ஜன்னல் பக்கத்தில் அவளைக் கேலி செய்தார்கள். பிறகு சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு துருக்கிப் பையன் வந்தான். அந்தப் பக்கத்தில் அவனைக் கேலி செய்தார்கள். பேச்செல்லாம் கணக்குப் பரீட்சை, மிஸ்டர் ஹால், காரை பார்க்கிங் செய்வதில் நீயா டெபியா கெட்டி என்பது. மதத்தையோ விமானத்தையோ யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த மேசை நின்றிருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வசந்தத்தில் பள்ளி ஜிம்மில் ஊர்க்கூட்டம். பள்ளிகளை மறுபடி பிரிப்பதா வேண்டாமா என்று பள்ளி நிர்வாக போர்டு அன்றைக்கு முடிவெடுக்க வேண்டும். அம்மா என்னைப் போக விடவில்லை. "மக்ளே, நாம ரெண்டு பக்கமும் இல்ல. நமக்கு என்னத்துக்கு?" என்றாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன். ஸ்டாக்கிங்ஸோடு ஜிம்முக்கு வந்ததைப் பார்த்து நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

டெபியின் அப்பா மைக்கைப் பிடித்து நன்றாகத்தான் பேசினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நம் பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். என் மகள் பயந்துபோயிருக்கிறாள்" என்றார்.

மேல் வரிசையில் டெபி எழுந்து நின்றாள். மைக் இல்லை. ஆனாலும் கேட்டது.

"எனக்குப் பயம் இல்லை, அப்பா. கோபம்தான் இருந்தது. என்னைக் கேட்காமல் சொல்லாதீர்கள்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அவர் கையிலிருந்த தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மைக்கை விட்டு நகர்ந்தார். பள்ளி சேர்ந்தே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நீ என் கையை நசுக்கிவிட்டாய். உன் வீடுவரை ஓடினோம்.

வாப்பா சமையலறையில் இருந்தார். உம்மா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கோட்டின் தோளில் ஈரத்துணியால் துடைத்த தடம். கடை வரிசையில் நிற்கும்போது ஒருவன் துப்பியிருக்கிறான். துப்பியவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"வாப்பா, ஓட்டு நமக்குத்தான் விழுந்துச்சு" என்றாய்.

"ஸ்கூலுக்கு விழுந்துச்சும்மா. தெருவுக்கு விழலையே" என்றார். ஹூஸ்டனில் வேலை ஒன்று ஏற்கெனவே பேசியிருந்தார். வேண்டாம் என்று எழுத நினைத்த பதிலை அன்றைக்குச் சரி என்று எழுதினார்.

நீ கத்தினாய். நான் உன்னை அப்படிப் பார்த்ததில்லை. "நான் இங்கதான் இருப்பேன், இவ்வளவு கஷ்டப்பட்டு இப்பதான் உட்கார இடம் கிடைச்சிருக்கு" என்றாய். உம்மா எழுந்து உன் முக்காட்டைச் சரிசெய்தார். நீ அடங்கிவிட்டாய்.

நீ கிளம்பிய நாள் டெபி என்னோடு ரயில் பாதையைத் தாண்டி நடந்தே வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழ்ப்பக்கத்து வீடு ஒன்றுக்கு வருகிறாள். வாசலில் தயங்கி நின்றவளை ஆங்கிலம் தெரியாத உன் உம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். டெபி அழுதாள். நீ அழவில்லை. "நான் இல்லாதபோது பார்க்கிங்கில் ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதே" என்றாய் அவளிடம்.

டெக்சாஸில் நீ முதல் வருஷமே லைசென்ஸ் வாங்கினாய். இரண்டாம் வருஷம் உம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். கல்யாணமாகி ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் குடியேறிய பிறகு, கணவன் வேலைக்குப் போனதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த புதுப் பெண்களையெல்லாம், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் பார்க்காமல் உன் பழைய காரில் ஏற்றி ஃப்ரீவே நெடுஞ்சாலைக்கே கொண்டுபோய் ஓட்டப் பழக்கினாய். உன்னை அடக்கம் செய்த நாள் ஜனாஸா தொழுகைக்கு நான் வந்தபோது வெளியே கார் நிறுத்த இடமில்லை. அத்தனை பெண்களும் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கடைசியாகப் பேசியபோது, "படுத்துக் கிடக்க முடியலடி. எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்றாய். வருகிறேன் என்றேன். டிக்கெட் போட்டுவிட்டுத்தான் இருந்தேன். நீ காத்திருக்கவில்லை. எதற்காவது காத்திருந்திருக்கிறாயா நீ?

நீ போன செய்தியை டெபிக்கு நான்தான் சொன்னேன். "அவளிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை, தெரியுமா? அவளும் கேட்கச் சொல்லவில்லை" என்றாள்.

பள்ளி ஊரைச் சேர்த்துவைத்ததா என்று மகள் கேட்கிறாள். ஒரு மேசை சேர்ந்தது. உன் வீடு போய்விட்டது. இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஹாலை, பக்கத்துப் பள்ளிவாசலில் கட்டட வேலை முடியும்வரை வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கேட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு கமிட்டியில் பேச்சு வந்தது. யாரும் கூடாது என்று சொல்லவில்லை. "பார்க்கிங் ப்ராப்ளம் வரும் ஆன்ட்டி" என்றார்கள். "இன்ஷூரன்ஸ் கவர் ஆகாது" என்றார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள். இவர்களுடைய பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கு நான் கேக் செய்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வரத்தான் நினைத்தேன். எப்போது எழுந்து நின்றேன் என்று எனக்கே தெரியாது. என்ன பேசினேன் என்பதும் சரியாக நினைவில்லை. உட்கார்ந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஹாலைக் கொடுக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சிலர் காபி கொடுக்கிறார்கள். சிலர் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ஜன்னல் வழியாக அவர்கள் தெரிகிறார்கள். என் அப்பாவைப் போலவே உள்ளே குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஆனால் திரும்பி நடக்கவும் முடிவதில்லை. மறுபடி மணியை அடிக்கிறேன்.

நாளைக்கும் சில வீடுகள் இருக்கின்றன. முடிவு எப்படி வரும் என்று தெரியாது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது, சும்மா இருக்க முடியாத இந்த ஒன்றுதான். வயதான காலத்தில் நிம்மதியாக உட்கார விடமாட்டேன் என்கிறாய்.