மணல்திட்டில் ஏற்றியது நான்தான்

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், படகு என்ஜினும் நலம். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் கோபத்தோடு எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது நடக்காது. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்ஜின் அறைக்குள் குனியும்போது மட்டும் முனகுகிறார், மாத்திரை போடச் சொன்னால் காது கேட்காதவர் ஆகிவிடுகிறார்.

போன மாதம் நம் படகு மணல்திட்டில் ஏறியதை அப்பா உனக்குச் சொன்னார். எப்படி ஏறியது என்று நீ கேட்கவே இல்லை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். இப்போது கேள். நீ அனுப்பிய தொடுதிரை டேப்பை வைத்துக்கொண்டுதான் எட்டு மாதமாகத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போய் வருகிறேன். படகு எங்கே நிற்கிறது, எங்கே ஆழம் குறைவு எல்லாம் அதில் தெரிகிறது, நல்ல சாமான், இல்லை என்று சொல்லமாட்டேன். அன்றைக்குப் பாதி வழியில் மழை கொட்டியது, கரையும் தெரியவில்லை தீவும் தெரியவில்லை. கண்ணாடி இடுக்கு வழியாகச் சாரல் வந்து டேப்பின் மேல் விழ, அது ஒவ்வொரு துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தைக் கண்ட பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது. துடைக்கத் துடைக்க இன்னும் ஓடியது. நனைந்து கெட்டுவிடுமே, பிள்ளை அனுப்பியதாயிற்றே என்று அதோடு வந்த உறை மூடியைச் சாத்தி, சாரல் படாத இடமாகப் பார்த்துத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். அப்புறம் திசைகாட்டியைப் பார்த்து நூல் பிசகாமல் ஓட்டினேன், போய் மணலில் உட்கார்ந்தேன். ஆறு பேர் இருந்தார்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தண்ணீர் ஏறும்வரை இரண்டு மணி நேரம் என்னைத் திட்டினார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீ சிரிப்பாய். சிரி. மறுநாள் அப்பா திசைகாட்டியைக் கழற்றி வந்து சமையலறை மேசையில் வைத்து, டேப்பை மூடியோடு பக்கத்தில் நகர்த்தினார், முள் அப்படியே அதன் பக்கம் திரும்பியது. மூடி ஒட்டிக்கொள்வதற்காக உள்ளே காந்தம் வைத்திருக்கிறார்களாம். இருபத்தாறு வருடமாகத் திசைகாட்டி பக்கத்தில் அப்பாவை ஒரு ஸ்பேனர்கூட வைக்க விடாமல் கத்தியவள் நான், நானே கொண்டுபோய்க் காந்தத்தை வைத்தேன். தப்பு என்னுடையது, அதை டேப்பின் மேலும் போடவில்லை உன் மேலும் போடவில்லை. செய்தவள் திருத்திக்கொண்டேன். மூடியைத் தூக்கி எறிந்தாயிற்று, கண்ணாடி இடுக்கை ரப்பர் வைத்து அடைத்தாயிற்று, டேப் இப்போது எதிர்ப்பக்கச் சுவரில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படகு இருக்கும் இடத்தைப் பென்சிலால் நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.

மணலில் ஏறியதால் மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் உரிமம், இல்லாவிட்டால் படகை வேறு கைக்கு மாற்றிவிட வேண்டியதுதான் என்று துறைமுக அதிகாரி சொல்லியிருந்தார். நேற்று வந்தார். பாதி வழியில் டேப்பை அணைக்கச் சொல்லி, முன் கண்ணாடியைத் தாளால் மறைத்துவிட்டு, வெளியே தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாசலில் நின்றுகொண்டார். நிற்கும் முன் தன் போனைத் திசைகாட்டி பக்கத்தில் வைத்தார். சார், போனை எடுங்க, முள்ளு திரும்புது என்றேன். தெரியாமல் வைத்தாரோ சோதிக்க வைத்தாரோ, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடிகாரம், நோட்டு, திசைகாட்டி, அவ்வளவுதான். கடைசியில் அவர் தாளைக் கிழித்தபோது எதிரே தீவின் படிக்கட்டு இருந்தது. திரும்பி வந்து அலுவலகத்தில் என் உரிமத்தில் கையெழுத்துப் போடும்போதுதான், உங்க பையன் போன் பண்ணினாரும்மா, அம்மா நல்லா ஓட்டினாலும் குடுத்துடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு என்றார்.

மணலில் ஏறியபோதுகூட நான் தலை குனியவில்லை, அங்கே குனிந்தேன். உனக்குப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு மறுநாள் ஓட்டிக்கொண்டும் போயிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் என் பிழைப்பில் கை வைக்கப் பார்த்தாயே, அதுதான் தாங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் உன் வீட்டில் வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார நான் வரமாட்டேன். படகை விற்கமாட்டேன். கை நடுங்கும் நாள் வந்தால் சாவியை நானே கொடுப்பேன், அந்த நாளை நீ குறிக்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளைத் தனியாக வேலை செய்ய விடாதே, குட்டிக்கு என் முத்தம், மூன்று பேரும் நீண்ட நாள் நிறைவாக இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அந்த அதிகாரிக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, எங்க அம்மா ஓட்டட்டும் என்று உன் வாயால் சொல். சொன்னாயா என்று அவரிடம் நேரில் போய்க் கேட்பேன். சொல்லிவிட்டு என்னைக் கூப்பிடு, அதுவரை நீ அழைத்தால் அப்பாதான் எடுப்பார்.

இப்படிக்கு,
இன்னும் ஐந்து வருடத்துக்கு உரிமம் உள்ள
உன் அம்மா