சம்பாஷணைக்கு நான் சொன்ன பொருள்

செங்கம் ரோடு மருந்துக்கடையில் இன்று யாரோ தைலப் புட்டியைக் கைதவறிப் போட்டுவிட்டார்கள். அந்த வாடை எழுந்ததும், உன் வலக்கையை என் மடியில் வைத்துத் தேய்த்துவிட்ட காலைகள் நினைவுக்கு வந்தன.

ஒரே பள்ளியில் நீ தமிழ், நான் கணக்கு. சாப்பிடும்போது எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய்விடுவாய். பேச்சைக் குறிக்கும் பழைய சொற்கள்மீது உனக்குத் தனிப் பிரியம். அளாவுதல் என்றால் கலத்தல், மனமும் மனமும் கலப்பதால்தான் அளவளாவுதல் என்பாய்.

"தகராறு நம்ம வார்த்தை இல்லடி, உருது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு அந்தப் பேரு. சண்டையில வேற என்னா நடக்குது?" என்று நீ கேட்டபோது ஆசிரியர் அறையே சிரித்தது.

அப்படிப்பட்ட உன் வாயைப் பக்கவாதம் கட்டிப்போட்டது. கை கொஞ்சம் கொஞ்சமாக அசைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் பூனை, ஆப்பிள் படங்களைக் காட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாய்.

"அம்மா எல்லாத்தையும் விட்டுட்டாங்க ஆன்ட்டி," என்று உன் மகள் சமையலறையில் அழுதாள்.

மறுநாள் உன் கையைத் தேய்த்தபடியே, வேண்டுமென்றே சொன்னேன்: "சம்பாஷணை எப்டி வந்துச்சுனு கண்டுபுடிச்சிட்டேன். பாஷாணத்துலருந்து. பேச்சுல விஷம் இருக்குதில்ல, அதான்."

நீ முறைத்தாய். நான் விடவில்லை. "நாளைக்கு பத்தாங்கிளாஸ் பொண்ணுங்களுக்கும் இதையே சொல்லப்போறேன்."

உன் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கோணியது.

"தப்பு," என்றாய்.

மகள் கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். நீ இன்னும் முடிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக இழுத்து வந்தாய். "சம்... சேந்து. பாஷணம்... பேச்சு."

தைலக் கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சலில் துள்ளினேன். அதைப் பார்த்து நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது.

அப்புறம் தினமும் ஒரு தப்பான பொருளோடு வந்தேன். தினமும் என்னைத் தோற்கடித்தாய்.

அடுத்த வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறி, மைக்கை இடக்கையில் பிடித்தாய். "உருதுல சவால்னா கேள்வி. ஜவாப்னா பதில்." சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. "இந்த வியாதி என்னை ஒரு சவால் கேட்டுது. நான் ஜவாப் சொல்லிட்டேன்."

பிள்ளைகள் எழுந்து நின்று தட்டிய கைதட்டல் அடங்கவே இல்லை. நீ அங்கேயே நிமிர்ந்து நின்றாய்.

அதற்கப்புறமும் சில வருடங்கள், ஆசை தீரப் பேசிவிட்டுத்தான் போனாய்.

முன்பெல்லாம் வகுப்பில் ஒரு பெண் விடை தெரிந்தும் வார்த்தை வராமல் திணறினால், நானே சொல்லி முடித்துவிடுவேன். இப்போது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பின்வரிசைகள் சலசலக்கும், மணிகூட அடித்துவிடும். ஆனாலும் அவள் சொல்லிவிடுகிறாள்.