விக்கல் டப்பாக்கள்

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரே நாளில் அறுபது கல்யாணம் நடத்தி வைத்தேன்! நேற்றைய மழையில் கிளம்பிய ஈசல்கள் இறக்கையை உதிர்த்துவிட்டு வாளிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மல்லாத்தி, மைக்ராஸ்கோப்பில் வயிற்றைப் பார்த்து, படம் எடுத்து, ஆண் ஒன்று பெண் ஒன்று எனச் சோடி சேர்த்தேன். ஈர மணலும் மரத்தூளும் போட்ட, கண்ணாடி அடியுள்ள குட்டி டப்பாக்களில் தனிக்குடித்தனம். ஒவ்வொன்றும் ஒரு கறையான் கூட்டமாகப் பெருக வேண்டும். வயிற்றின் கடைசியில் ஒரு தகடு மட்டும் அகலமாக இருந்தால் பெண். எல்லாம் ஒரே அளவென்றால் ஆண். அவ்வளவுதான் பொருத்தம் பார்ப்பது.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். முதல் நாளே ஆய்வகத் தலைவி மேடம் சொல்லிவிட்டார்: "மூணு மாசம் பார்ப்போம். மனசு இங்க இருந்தா நீயும் இங்க இரு."

இருக்கிறது மேடம். முக்கால்வாசி.

ஜூன் 10

பகலில் குட்டியைப் பார்த்துக்கொள்வது மூத்த நாத்தனார். இன்று பதினோரு முறை போன் செய்தேனாம். "இன்னொரு தடவை அடிச்சே, ஏழு மாசக் குழந்தைகிட்டயே குடுத்துருவேன், அவனே பதில் சொல்லட்டும்" என்கிறார். அண்ணி செய்தாலும் செய்வார்.

ஜூன் 17, செவ்வாய்

ஐயோ.

படங்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினேழாம் டப்பா: இரண்டுக்குமே அகலத் தகடு. இரண்டும் பெண்! பதினெட்டு, அதேதான். பத்தொன்பது — அதுவும்! மிச்சத்தை மூன்று முறை பார்த்தேன், எல்லாம் சரி. எப்படி இந்த மூன்று மட்டும்?

படம் எடுத்த நேரம் 11.42-இலிருந்து 11.49 வரை. என் போனைத் திறந்தேன். அன்று 11.41-க்கு அண்ணியோடு ஒன்பது நிமிடம் பேச்சு. குட்டிக்கு விக்கல். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு "முதுகைத் தடவிப் பாத்தீங்களா அண்ணி" என்று கேட்டபடியே மூன்று சோடி சேர்த்திருக்கிறேன்.

படத்தை அழித்துவிட்டால்? மூன்று டப்பாவில் குடும்பம் உருவாகவில்லை, அவ்வளவுதானே. கறையான் வந்து சாட்சி சொல்லுமா? ஆனால் மேடம் அதை நம்பிக் கட்டுரையில் எழுதுவாரே. சரி, சொன்னால்? மனசு இங்கே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

ஜூன் 18

சொல்லவில்லை.

ஜூன் 19

இன்றும் இல்லை. "ஏன்டி, பால் குடிச்ச பூனை மாதிரி முழிக்கிறே?" என்றார் இவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நல்ல ஆறுதல்!

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன்! சொல்லிவிட்டேன்!

மேடம் படங்களையும் நேரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"விக்கல் நின்னுச்சா?"

"நின்னுடுச்சு மேடம்."

"எப்படி?"

"தும்மினான், நின்னுடுச்சாம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடத்துக்குப் பல் தெரியச் சிரிக்க வரும் என்பதே இன்றுதான் தெரியும். பிறகு குரல் மாறியது. "மறைச்சது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். டப்பாவைத் தூக்கிப் போடாதே. ஆண் இல்லாமலே முட்டை வைக்கிற கறையானும் உண்டு. நம்மது வைக்குமான்னு நான் பார்த்ததில்ல. மூடியைத் தொடக்கூடாது, தொந்தரவு பண்ணினா முட்டையைத் தின்னுரும். அடிப்பக்கமாப் பாரு."

லேபிளை அவரே எழுதி ஒட்டினார்: விக்கல் 1, விக்கல் 2, விக்கல் 3.

ஜூன் 26

எதையும் திறந்து பார்க்காமல் இருப்பதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் உலகத்திலேயே கிடையாது. நேற்று குட்டி மூச்சு விடுகிறானா என்று பார்க்கப் போய், தூங்கியவனை எழுப்பிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

முட்டை! விக்கல் 2-இன் கண்ணாடி அடியில் நான்கு முட்டை! அரிசிக்குறுணையில் பாதிகூட இல்லை, வெள்ளை வெளேரென்று. இரண்டு பெண்களும் மாறி மாறி நக்கிக்கொடுக்கின்றன. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். மேடம் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்!

ஆகஸ்ட் 6, புதன்

பொரிந்துவிட்டது. மூன்று குஞ்சு, பால் நிறம், தள்ளாடி நடக்கின்றன. விக்கல் 1-இல் முட்டை மட்டும். 3-இல் பாவம், இரண்டுமே செத்துவிட்டன. அதையும் அப்படியே பதிந்தேன். அண்ணியிடம் சொன்னேன். "அப்பா இல்லாமலேயா? என் தம்பிகிட்ட சொல்லாதே, இருக்கிற ஒத்தாசையும் நின்னுரும்."

செப்டம்பர் 5, வெள்ளி

காலையில் நல்ல மழை. மேடம் போனிலேயே கத்தினார்: "ஈசல் கிளம்பிருச்சு, ஓடி வா! இந்தத் தடவை வேணும்னே ரெண்டு ரெண்டு பெண், நாற்பது டப்பா. நீதான் பார்க்கணும், வேற யாரும் தொடக்கூடாது." இருவரும் வாளியோடு சேற்றில் ஓடினோம். அவர் வழுக்கி விழுந்தார்; வாளி விழவில்லை. மாலைக்குள் நாற்பதும் முடிந்தது. ஒவ்வொரு படத்தையும் இருமுறை பார்த்தேன்.

இப்போது தேதி எழுதும்போதுதான் உறைக்கிறது. அந்த மூன்று மாதம் திங்கட்கிழமையே முடிந்துபோயிருக்கிறது. மேடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் நினைக்கவே இல்லை.