வெல்டர் அண்ணன் போட்ட பூட்டு

அப்பாவுக்கு வணக்கம்.

நேற்று, மார்ச் 14, காலை பத்து மணிக்கு எங்கள் இயந்திரத்தின் மின் சுவிட்சில் இரண்டு பூட்டுகள் தொங்கின. யாரும் தவறி இயந்திரத்தை ஓட்டிவிடாதபடி, பழுது பார்ப்பவர் ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட வேண்டும், போட்டவர்தான் திறக்க வேண்டும். ஒன்று என்னுடையது, இன்னொன்று என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெல்டர் அண்ணனுடையது.

"டீ ஆறுதுடா, வா."

"வேலை முடியட்டும்ணே."

"வேலை என்னைக்குடா முடிஞ்சிருக்கு?" என்று சிரித்துக்கொண்டே போனார். டீ குடிக்க உட்கார்ந்த நாற்காலியிலேயே மாரடைப்பு, அங்கேயே உயிர் போய்விட்டது. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றுமில்லை. அவர் பூட்டை நான்தான் அறுத்தேன். இயந்திரம் உடனே ஓடியது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

உங்கள் முட்டிவலி எப்படி? அம்மா சமைக்கும்போது போனைப் பக்கத்தில் வையுங்கள். பேச வேண்டாம், சமையல் சத்தம் எனக்குக் கேட்டால் போதும்.

இனி:
1. டீயை உட்கார்ந்து, சூடாகக் குடிப்பேன்.
2. நீங்கள் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேன்" என்று வைக்க மாட்டேன்.
3. ஊருக்கு வர அடுத்த வருஷம் என்று தள்ளிய விடுப்பை இன்றே கேட்பேன்.