மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு விடுமுறை

மே 9, வெள்ளி. செம்பூர், பம்பாய்.

வெயில் சுமார், புழுக்கம் அதிகம். ரயில் அழுக்குத் துணி எல்லாம் துவைத்தாயிற்று. அக்கா வீடு நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். மீனு (இனி மீ., எழுதக் கை வலிக்கிறது) படி முழுக்கப் பாடிக்கொண்டே ஏறினாள்.

செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா காபியை நீட்டினாள். கருகிய ரப்பர். குடித்துவிட்டேன்.

"எப்பிடிட்டி இருக்கு? மாட்டுங்காவுல அரைச்ச பொடி."

சூப்பர் என்றேன்.

காய்ச்சல் வந்து போனதிலிருந்து இதே கதைதான். காபி, வெங்காயம், தாளிப்பு, சோப்பு எல்லாமே ரப்பர், இல்லாவிட்டால் சாக்கடை. மீ.யின் உச்சந்தலை கூட. டாக்டர், சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். இவரோ, "எல்லாம் மனசுதான். பத்து நாள் அக்கா வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வா" என்று டிக்கெட் போட்டுவிட்டார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது. அவளுக்குத் தெரிந்தால் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்த மாதிரி.

நாற்றத்தைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். என் பயம் வேறொன்று. ஊரில் பால் தீய்ந்தபோது அடுப்புப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், தெரியவில்லை. எது நல்லது, எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாத நான்தான் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுகிறேன்.

வாய்க்கு ஆகிறவை: தயிர் சாதம். வாழைப்பழம். வெறும் இட்லி. ஐஸ்.

மே 10, சனி.

அத்தான் உபயத்தில் மாட்டுங்கா. ஹோட்டல் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நின்றோம். உள்ளே நெய், சாம்பார், காபி, ஊதுவத்தி. எனக்கு டயர் கடை. 

"ஏ வள்ளி, பம்பாய்க்கு வந்துட்டு இங்க ரசவடை திங்காமப் போனேன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். யோசிக்காத, பிந்தாஸ் சாப்பிடு!" அத்தானுக்கு விருந்தாளி இலையில் மிச்சம் வைத்தால் முகம் தொங்கிவிடும். பில்லைப் பற்றிக் கவலை இல்லை, முகம்தான்.

வழி கண்டுபிடித்தேன். கைக்குட்டையால் வாய் துடைப்பது போல மூக்கைப் பொத்து. விழுங்கு. தண்ணீர். சிரி.

மீ. பார்த்துவிட்டாள். "ஏம்மா மூக்கப் பொத்துதே?" காதில் சொன்னேன்: "நாறுது கண்ணு. யார்ட்டயும் சொல்லாத." சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பும்போது டாக்ஸி நாறுகிறதாம். படிக்கட்டு நாறுகிறதாம். பெரியப்பா செருப்பு நாறுகிறதாம் (அது உண்மையாகவே இருக்கலாம்). மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும். இவருக்கு ஃபோன்: "நல்லாச் சாப்பிடுதியா?" நல்லாச் சாப்பிடுகிறேன்.

மே 11, ஞாயிறு.

மேகமூட்டம். மழை இல்லை. தாராவி. அத்தான் பிறந்து வளர்ந்த சந்து. பரோட்டாக் கடையில் பாதிப் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு, பாதி ஹிந்தி. "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பிச்சுப் போடுங்க, ஜல்தி!"

சால்னாவில் செத்த எலி. அப்படித்தான் வந்தது. சுற்றிலும் எல்லோரும் வழித்துச் சாப்பிடுகிறார்கள். நிஜமாகவே கெட்டுப் போயிருந்தால்? மீ. வாயில் போடுமுன் அக்கா முகம், அத்தான் முகம், பக்கத்து மேஜைக்காரர் முகம் எல்லாம் பார்த்தேன். அவர்கள் சாப்பிட்டால் சரி. மீ. வழக்கம்போல "நாறுதும்மா" என்றாள். பிறகு இன்னும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றாள். பாவி.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு வாந்தி. அக்காவுக்குக் கேட்கவில்லை.

காலம் முழுக்க இப்படியே இருந்துவிட்டால்? 

மே 12, திங்கள்.

வாஷி. நல்ல வெயில். அத்தான் காலையிலேயே மாட்டுங்கா போய் இட்லிப் பார்சல் வாங்கி வந்து கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். எங்கே போனாலும் மாட்டுங்கா இட்லி கூட வர வேண்டும் அவருக்கு. "வாஷியில இருக்கதெல்லாம் ஒரு இட்லியா?" ரயிலில் மான்குர்த் தாண்டியதும் பாலம், கீழே உப்பங்கழி, மீ. ஒரே குதியாட்டம்.

அக்கா புடவைக் கடைக்குள் போனவள் வரவே இல்லை. வெளியே பெஞ்சில் நானும் மீ.யும். மூன்று மணி. பசி என்றாள். பார்சலைப் பிரித்தேன். எனக்கு வெறும் இட்லி. அவளுக்குச் சட்னி தொட்டு.

"நாறுதும்மா."

"விளையாடாத."

"நெசமா நாறுது."

முகர்ந்தேன், வழக்கமான ரப்பர்; முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அங்கே சாப்பிடுகிறவர் வேறு யாரும் இல்லை. மூன்று நாளாக இதே பாட்டு. தொடையில் ஒன்று வைத்தேன். "மூக்கப் பொத்திட்டு முழுங்கு." பொத்திக்கொண்டு விழுங்கினாள். மூன்று இட்லி.

புடவை நன்றாக இருக்கிறது. மாம்பழ நிறம்.

மீ. இருட்டுமுன்னே தூங்கிவிட்டாள். நெற்றி லேசாகச் சூடு. வெயில்தான்.

மே 13, செவ்வாய்.

வெயில்தானாம்.

விடியுமுன் வாந்தி, பேதி. உதடு வறண்டு, கண் உள்ளே போய். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடுகிறாள். அத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடியும் இறங்கினார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். நரம்பு கிடைக்காமல் மறுபடி மறுபடி குத்தினார்கள். அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. முருகா, என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு. இதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

டாக்டர்: "நேத்து என்ன சாப்பிட்டா?"

அக்கா தண்ணீர் பாட்டில் எடுக்க நேற்றைய பையைத் திறந்தாள். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அட, என்னட்டி இது! சட்னி இந்த நாத்தம் நாறுது! பிள்ளைக்கா குடுத்த? நீ மோந்து பாக்கலியா?"

பார்த்தேன் அக்கா. எனக்கு எல்லாம் ஒன்றுதான். அங்கேயே, பெஞ்சில், காய்ச்சலிலிருந்து தொடங்கி முழுக்கச் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. "கூடப் பொறந்தவகிட்ட சொல்லுததுக்கென்ன கேடு?" என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அத்தான் எனக்கு வாழைப்பழம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மே 14, புதன்.

காற்று கொஞ்சம் இருக்கிறது. காலையில் டிரிப்ஸ் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தாயிற்று. ஆபத்தில்லை என்றார் டாக்டர்.  மாத்திரை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் பாக்கெட், குழைந்த சோறு. அக்கா மருந்துக் கடையில்.

கஞ்சி ஆற்றிக் கொடுத்தேன். மீ. ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நாறுதா?"

"இல்லம்மா."

"பொறவு ஏன் பொத்துதே?"

"நீ அடிப்பேல்லா. நான் இனிமே சொல்ல மாட்டேன்."

கிண்ணத்தை முகர்ந்தேன். ரப்பர். வைத்தது அக்கா, கெட்டிருக்காது. ஆனால் நாளைக்கு? ஊருக்குப் போன பிறகு? கெட்டதைக் கொடுத்தாலும் இப்படியே வாயைத் திறப்பாள். இந்தப் பயத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசி.

தரையில் உட்கார்ந்தேன். "கண்ணு, அம்மா மூக்கு கெட்டுப் போச்சு. எது நாறுதுன்னு அம்மாவுக்குத் தெரியாது. அடிச்சது தப்பு. இனிமே அடிக்கவே மாட்டேன். நாறிச்சின்னா நீதான் சொல்லணும். என்னன்னாலும் சொல்லணும்."

விரலை எடுத்தாள். நம்பலாமா என்பது போலப் பார்த்தாள். கிண்ணத்தில் மூக்கை வைத்தாள். பிறகு என் தோளில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள்.

"என்னன்னாலும் அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"கஞ்சி நாறல. நீதாம்மா நாறுதே."

இரண்டு நாளாக ஒரே சேலை. அழுதுகொண்டே குளிக்கப் போனேன்.